யூடியூப் பார்த்து பிளவுஸ் தைக்கலாமா? தைப்பதை வீடியோ போட்டு சம்பாதிக்கலாமா? வீட்டுத் தையல் சேனல்களின் அசல் கணக்கு

"வெறும் 5 நிமிஷத்துல லைனிங் பிளவுஸ்!" இப்படி ஒரு தலைப்போடு ஒரு வீடியோவாவது உங்கள் போனில் இந்த வாரம் வந்து போயிருக்கும். இரண்டு கை, ஒரு இஞ்ச் டேப், ஒரு மார்க்கிங் சாக். முகம் தெரியாது. பின்னணியில் ஒரு அக்கா "வாங்க சிஸ்டர்ஸ்"னு ஆரம்பிப்பாங்க. பார்க்கும்போது ரொம்ப சுலபம். புதுத் துணியை எடுத்து வெட்டிய பிறகுதான் கைக்குழி இறுக்கும், தோள் சரியும், ஹூக் எட்டாது.

இந்த வீடியோக்களைப் பார்ப்பவர்களிடம் பொதுவாக இரண்டு ஆசை இருக்கிறது. ஒன்று, நம் துணியை நாமே தைக்கணும். இன்னொன்று, அதை அப்படியே போனில் எடுத்துப் போட்டால் மாசம் ஏதாவது வருமா? இரண்டாவது ஆசையை நம்பி தவணையில் மெஷின் வாங்குபவர்களும் உண்டு. அதனால் இரண்டையும் கொஞ்சம் நிதானமாகவே பார்த்துவிடலாம்.

இந்த அலை எப்போது தொடங்கியது?

வீட்டில் தையல் மெஷின் இருப்பது நமக்குப் புதுசு இல்லை. மாடிப்படிக்குக் கீழே, மேலே துணி போர்த்திய ஒரு மிதி மெஷின் பல வீடுகளில் உண்டு. எங்கள் வீட்டிலும் இருந்தது. அதன் மேல்தான் அயர்ன் பண்ண வேண்டிய துணியெல்லாம் குவிந்து கிடக்கும். 2020 ஊரடங்கில் டெய்லர் கடைகள் மூடியிருந்தன, மாஸ்க் கட்டாயமானது. தூசி தட்டி அந்த மெஷினை வெளியே எடுத்தவர்கள் அப்போது நிறையப் பேர்.

அதே ஆண்டு ஜூன் 29-ம் தேதி டிக்டாக் உள்ளிட்ட செயலிகளுக்கு மத்திய அரசு தடை விதித்தது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸும் இங்கேதான் முதலில் சோதனைக்கு விடப்பட்டது. கையில் மெஷின், வீட்டில் நேரம், போனில் புது வசதி என மூன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்ததில் தையல் சேனல்களும் பெருகின.

வீடியோ பார்த்து தைத்தால் ஏன் சரியா வரமாட்டேங்குது?

முதல் காரணம், வீடியோவில் சொல்லும் அளவு உங்கள் அளவு இல்லை. உதாரணத்துக்கு மார்புச் சுற்றளவு 36 இன்ச் என்றால் அதை 4-ஆல் வகுத்து 9 இன்ச், அதோடு லூசுக்கும் தையலுக்கும் தேவையானதைக் கூட்டி ஒரு எண் சொல்வார்கள். பார்ப்பவர் கணக்கை விட்டுவிட்டு அந்தக் கடைசி எண்ணை மட்டும் பிடித்துக்கொள்கிறார். 40 சைஸ்காரருக்கு அது எப்படிப் பொருந்தும்? எண்ணை எழுதாதீங்க, எண் எப்படி வந்ததுன்னு எழுதுங்க.

இரண்டாவது காரணம் 'அளவு பிளவுஸ்'. நம் ஊரில் உடம்பில் டேப் வைத்து அளவெடுப்பதைவிட, நல்லா பொருந்துற பழைய பிளவுஸைக் கொடுத்து "இதே மாதிரி" என்று சொல்வதுதான் பழக்கம். தப்பில்லை. ஆனால், அந்தப் பிளவுஸ் நாலு வருஷம் துவைத்து, ஓரத்தில் இரண்டு முறை பிரித்துத் தைத்து, அக்குள் பக்கம் இழுபட்டுப் போயிருக்கும். அதை அப்படியே தரையில் விரித்துக் கோடு போட்டால் அந்தக் கோணலும் சேர்ந்தே புதுத் துணிக்கு வரும். அளவு பிளவுஸை வைத்துக்கொண்டே மார்பு, இடுப்பு, தோள், கைச்சுற்று ஆகிய நான்கையும் டேப்பிலும் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

மூன்றாவது காரணத்தைத்தான் பல வீடியோக்கள் ஒரே வரியில் தாண்டிப் போகின்றன. துணிக்கு நேர்வாக்கு, குறுக்குவாக்கு என்று இரண்டு உண்டு. குறுக்காக, அதாவது கோணலாகப் பிடித்து இழுத்தால் எந்த நெய்த துணியும் கொஞ்சம் நீளும். கிராஸ் கட் பிளவுஸின் முன்பக்கத்தை அப்படிக் குறுக்காகப் போட்டு வெட்டுவது இதற்காகத்தான். உடம்போடு ஒட்டி நிற்கும், மூச்சு விட்டால் பிடிக்காது. பிளவுஸ் பிட் பத்தவில்லை என்று முன்பக்கத்தை நேர்வாக்கில் போட்டு, அளவு மட்டும் கிராஸ் கட்டுக்குச் சொன்னதை எடுத்தால் அது இறுக்கத்தான் செய்யும். அளவில் தப்பே இருக்காது, துணி போட்ட திசையில்தான் தப்பு.

இன்னொரு விஷயம், காட்டன் துணியைத் தண்ணீரில் நனைத்து, காயவைத்து, அயர்ன் பண்ணிய பிறகே வெட்ட வேண்டும். லைனிங் துணிக்கும் இதே விதிதான். மேல் துணி சுருங்காமல் உள்ளே இருக்கும் லைனிங் மட்டும் சுருங்கினால், முதல் சலவைக்குப் பிறகு பிளவுஸ் சுருக்கம் சுருக்கமாகத் தொங்கும். இதைச் சொல்லாமல் நேரே வெட்டுக்குப் போகும் வீடியோவைப் பார்த்தால் கொஞ்சம் சந்தேகப்படலாம்.

அப்போ முதலில் எதைத் தைப்பது?

பிளவுஸில் ஆரம்பிக்காதீங்க. வீட்டில் தைக்கும் துணிகளில் கஷ்டமானதே அதுதான். தலையணை உறை, துணிப் பை, பாவாடை, நைட்டி என்று போகலாம். துணிப் பையில் நேர்கோட்டுத் தையல் வந்துவிடும். பாவாடையில் நாடா பட்டியும், நைட்டியில் கழுத்தும் கையும் பழகிவிடும். பயிற்சிக்குப் பழைய வேட்டி அருமையான துணி. வழுக்காது, சாக் கோடு தெளிவாகத் தெரியும், தப்பினால் மனசும் வலிக்காது. பனியன் துணியில் கை வைப்பதை மட்டும் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். அதற்கு முனை மழுங்கிய தனி ஊசி வேண்டும், நேர்த் தையல் போட்டால் இழுக்கும்போது நூல் அறுந்துவிடும்.

மெஷின் மக்கர் பண்ணினால்?

மெஷினை மூலையில் தள்ளி வைக்க வைக்கும் பிரச்னை ஒன்று உண்டு. துணியின் அடிப்பக்கம் நூல் கொத்துக் கொத்தாகச் சிக்குவது. அடியில்தானே சிக்கு, அப்போ பாபின் கேஸில்தான் கோளாறு என்று நினைத்து அதன் குட்டி ஸ்க்ரூவைத் திருகுவோம். அங்கேதான் நிலைமை இன்னும் மோசமாகும்.

மெஷின் தையல் என்பது மேல் நூலும் அடி நூலும் துணிக்கு நடுவில் ஒன்றையொன்று பின்னிப் பிடித்துக்கொள்வது. மேல் நூலின் பிடி தளர்ந்தால், அடி நூல் அதைக் கீழே இழுத்துவிடும். அதனால் அடியில் சிக்கு விழுந்தால் பெரும்பாலும் குற்றவாளி மேல் நூல். என்ன செய்யலாம்? பிரஷர் ஃபுட்டை மேலே தூக்கிவிட்டு, மேல் நூலை முழுசா கழற்றி மறுபடி கோர்க்கணும். ஃபுட் கீழே இருக்கும்போது டென்ஷன் தட்டுகள் மூடிக்கொண்டிருக்கும், நூல் உள்ளே போகாமல் மேலோட்டமாகவே நிற்கும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காசு கொடுத்தவர்கள் ஏராளம்.

ஊசியும் கவனிக்க வேண்டியது. மெல்லிய துணிக்கு 11, சாதாரண காட்டனுக்கு 14, ஜீன்ஸ் மாதிரி தடித்த துணிக்கு 16 அல்லது 18-ம் நம்பர். முனை மழுங்கினால் தையல் விட்டு விட்டு விழும். அதற்கும் மெஷினைத் திட்டக் கூடாது.

மெஷினே இல்லாதவர்கள் எடுத்த எடுப்பில் பவர் மெஷின் வாங்க வேண்டியதில்லை. அதன் வேகத்துக்குக் கை பழக நாளாகும். வாங்கியே தீருவேன் என்றால் சர்வோ மோட்டாரா என்று கேட்டு வாங்குங்கள். பழைய கிளட்ச் மோட்டார் நீங்கள் தைக்காமல் உட்கார்ந்திருக்கும்போதும் ஓடிக்கொண்டே இருக்கும், சர்வோ மிதித்தால் மட்டும் ஓடும். கரண்ட் பில்லில் தெரியும்.

'பிரதமரின் இலவச தையல் மெஷின்' உண்மையா?

வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும் இந்தச் செய்தி போலியானது. இப்படி ஒரு இலவசத் திட்டம் மத்திய அரசிடம் இல்லை என்று பத்திரிகை தகவல் அலுவலகத்தின் உண்மை சரிபார்ப்புப் பிரிவு பலமுறை சொல்லிவிட்டது. அந்த லிங்கில் ஆதார், வங்கி விவரம் எதையும் கொடுக்காதீர்கள்.

குழப்பத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. 2023 செப்டம்பர் 17-ல் தொடங்கிய 'பிஎம் விஸ்வகர்மா' திட்டத்தின் 18 தொழில்களில் தையலும் ஒன்று. பயிற்சிக்கு நாளொன்றுக்கு 500 ரூபாய் உதவித்தொகை, கருவிகள் வாங்க 15,000 ரூபாய் வரை, பிறகு 5 சதவீத வட்டியில் இரண்டு தவணையாக 3 லட்சம் வரை கடன் என்பது அதன் அமைப்பு. ஆனால் இப்போதுள்ள வடிவில் இதைச் செயல்படுத்த மாட்டோம் என்று 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. சாதி பார்க்காத மாற்றுத் திட்டம் என்று 2025 ஏப்ரலில் 'கலைஞர் கைவினைத் திட்டம்' தொடங்கப்பட்டது. 25 தொழில்கள், அதில் தையலும் உண்டு. 35 வயது நிரம்பியவர்களுக்கு 3 லட்சம் வரை கடன், 25 சதவீத மானியம், மானியத்துக்கு உச்சவரம்பு 50,000 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது.

மெஷினே இலவசமாக வேண்டும் என்றால், சத்தியவாணிமுத்து அம்மையார் பெயரிலான திட்டம் தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாக இருக்கிறது. ஆதரவற்ற விதவைகள், கணவனால் கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்கானது. விசாரிக்க வேண்டிய இடம் மாவட்ட சமூக நல அலுவலகம். ஃபார்வர்டு மெசேஜ் வழியாக யாருக்கும் மெஷின் வராது.

வீடியோ எடுக்க என்னென்ன வேண்டும்?

கேமரா வேண்டாம், இருக்கிற போன் போதும். ஆனால் ஸ்டாண்டை மெஷின் மேஜையில் மாட்டாதீர்கள். மெஷின் ஓடினால் மேஜை அதிரும், படம் முழுக்க நடுங்கும். தரையில் தனியாக நிற்கும் ஸ்டாண்ட், அல்லது பக்கத்தில் வேறொரு ஸ்டூல். வெட்டும்போது மேலிருந்து நேர் கீழே பார்க்கும் கோணம், தைக்கும்போது ஊசிக்கு இடதுபக்கத்திலிருந்து. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் வந்தால் போதும். தலைக்கு மேலே டியூப்லைட் மட்டும் இருந்தால் உங்கள் கை நிழலே ஊசியை மறைத்துவிடும்.

கறுப்புத் துணியில் டெமோ காட்டாதீர்கள். இளம் நிறத் துணி, அதற்கு எதிரான நிறத்தில் நூல். அழகுக்கு அது பொருந்தாதுதான், ஆனால் தையல் எங்கே போகிறது என்று பார்ப்பவருக்குத் தெரியும். மெஷின் சத்தத்தில் பேசினால் யாருக்கும் கேட்காது. தைத்து முடித்த பிறகு வீடு அமைதியாக இருக்கும் நேரத்தில், குக்கர் விசில் அடிக்காத நேரம் பார்த்து, குரலைத் தனியாகப் பதிவு செய்து சேர்க்கலாம்.

முகம் காட்டணுமா? வேண்டாம். தையலுக்கு இது பெரிய வசதி. கையும் குரலும் போதும் என்பதால்தான், வீட்டில் "முகத்தைக் காட்டாதே" என்று சொல்லும் குடும்பங்களிலிருந்தும் இவ்வளவு பேர் இந்தப் பக்கம் வந்திருக்கிறார்கள். இது சரியா தப்பா என்பது தனி விவாதம். ஆனால் முகத்தை மறைத்துவிட்டு, பின்னாடி இருக்கும் பீரோ கண்ணாடியிலும், ஓரத்தில் கிடக்கும் கேஸ் பில்லிலும் எல்லாவற்றையும் காட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வாடிக்கையாளர் தந்த பிளவுஸை அவரிடம் கேட்காமல் வீடியோவில் காட்டுவதும் வேண்டாம். அளவு சொல்லி, கிண்டல் செய்து கமென்ட் வந்தால் அவமானம் அவருக்கு.

நம் கருத்து ஒன்று: தப்பாகத் தைத்ததைப் பிரிப்பதையும் காட்டுங்கள். கற்றுக்கொள்கிறவருக்கு அந்த 30 விநாடிதான் ரொம்ப உதவும்.

சரி, காசு எப்போ வரும்?

இங்கேதான் கொஞ்சம் கணக்கு போடணும். யூடியூபில் விளம்பர வருமானம் வர 1,000 சப்ஸ்கிரைபர்கள் வேண்டும். அதோடு, கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரம் வீடியோக்கள் பார்க்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது 90 நாட்களில் ஷார்ட்ஸுக்கு 1 கோடி வியூஸ் வந்திருக்க வேண்டும்.

4,000 மணி நேரம் என்றால் 2,40,000 நிமிடம். உங்கள் வீடியோவை ஒருவர் சராசரியாக 4 நிமிடம் பார்க்கிறார் என்று வைத்துக்கொண்டால் 60,000 வியூஸ் தேவை. வாரம் ஒரு வீடியோ, ஒவ்வொன்றுக்கும் 1,000 வியூஸ் என்று போனால் வருஷம் முடியும்போது 52,000 வியூஸ்தான் சேரும். அதாவது, ஒரு வருஷம் விடாமல் உழைத்தும் வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் நிற்பீர்கள். ஷார்ட்ஸ் பக்கத்தில் பார்க்கப்படும் நேரம் இந்த 4,000 மணி நேரத்தில் சேராது என்பதையும் பலர் கவனிப்பதில்லை.

500 சப்ஸ்கிரைபர், 3,000 மணி நேரம் என்று இன்னொரு கீழ்ப் படியும் 2023-ல் வந்தது. அதில் மெம்பர்ஷிப், பார்வையாளர் தரும் சூப்பர் தேங்க்ஸ் போன்றவை கிடைக்கும், விளம்பரக் காசு கிடைக்காது.

வாசலைத் தாண்டிவிட்டால்? நீள வீடியோக்களில் வரும் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் உங்களுக்கு, மீதி யூடியூபுக்கு. ஷார்ட்ஸில் உங்கள் பங்காக ஒதுக்கப்படுவதில் 45 சதவீதம். ஒரு வியூவுக்கு இவ்வளவு ரூபாய் என்று நிலையான விலை எதுவும் கிடையாது. பார்ப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார், எந்த மாதம், என்ன விளம்பரம் என்பதைப் பொறுத்து மாறும். அதே பிளவுஸ் வீடியோவை மதுரையில் ஒருவர் பார்ப்பதற்கும் டொரன்டோவில் இருக்கும் ஒரு தமிழர் பார்ப்பதற்கும் வருமானம் ஒன்றாக இருக்காது.

வருமானம் 10 டாலரைத் தொட்டதும் உங்கள் முகவரிக்குத் தபாலில் ஒரு பின் நம்பர் வரும். கதவு எண்ணில் தப்பிருந்தால் அது வராது, காசும் நகராது. 100 டாலர் சேர்ந்த பிறகே வங்கிக் கணக்குக்குப் பணம் வரும். இடையில் அமெரிக்க வரிப் படிவம் ஒன்றை ஆன்லைனில் நிரப்பச் சொல்வார்கள். 'நமக்கும் அமெரிக்காவுக்கும் என்ன சம்பந்தம்' என்று விட்டுவிட்டால், மொத்த வருமானத்திலும் 24 சதவீதம் வரை பிடித்துவிடுவார்கள். பான் எண்ணோடு நிரப்பி, இந்தியா-அமெரிக்க வரி ஒப்பந்தத்தைத் தேர்வு செய்தால், அமெரிக்காவில் இருந்து பார்த்தவர்களால் வந்த தொகையில் மட்டும் 15 சதவீதம் போகும். இங்கேயும் இந்த வருமானத்தை வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும்.

இப்போது எதிர்ப்பக்கக் கணக்கு. உங்கள் தெருவில் லைனிங் பிளவுஸுக்குக் கூலி 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாரம் 5 பிளவுஸ் தைத்தால் மாசம் 6,000. நூல், ஹூக், கரண்ட் கழித்தாலும் கையில் நிற்கும், முதல் வாரத்தில் இருந்தே வரும். ஒரு வீடியோவைத் திட்டமிட்டு, எடுத்து, எடிட் செய்து, குரல் கொடுக்க ஒரு முழுநாள் போனால், அந்த நாளின் பிளவுஸ் கூலியையும் வீடியோவின் செலவில் எழுத வேண்டும். அதனால்தான் சில சேனல்காரர்கள் விளம்பரத்தை நம்பாமல், வீடியோவை வைத்து ஆர்டரும் ஆன்லைன் வகுப்பும் பிடிக்கிறார்கள். அந்த வழியில் 300 சப்ஸ்கிரைபர் இருந்தாலே பலன் தொடங்கிவிடும்.

பாட்டு போடலாமா? இலவசமா மெஷின் தந்தால்?

நீள வீடியோவில் சினிமா பாட்டு சேர்த்தால் யூடியூபின் தானியங்கி முறை அதைக் கண்டுபிடித்துவிடும். பெரும்பாலும் அந்த வீடியோவின் வருமானம் பாட்டின் உரிமையாளருக்குப் போகும். இது 'கிளெய்ம்'. 'ஸ்ட்ரைக்' என்பது வேறு, 90 நாட்களுக்குள் மூன்று வந்தால் சேனலே போய்விடும். யூடியூபின் ஆடியோ லைப்ரரியில் இலவச இசை இருக்கிறது. மெஷின் சத்தமே பலருக்குப் பிடிக்கும், அதையும் சொல்ல வேண்டும்.

கம்பெனி ஒன்று மெஷினோ கத்தரிக்கோலோ இலவசமாகத் தந்து பேசச் சொன்னால், அதை வீடியோவிலேயே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல் இது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு, விளம்பரத்தில் தோன்றியவருக்கும்தான்.

மோசடிகள் எப்படி வரும்?

சேனல் கொஞ்சம் வளர்ந்ததும் "உங்களோடு விளம்பர ஒப்பந்தம்" என்று மெயில் வரும். கூடவே ஒரு ஃபைல். அதைத் திறந்தால் சேனல் கைமாறிவிடும். "வீட்டிலிருந்தே தையல் வேலை, முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்க" என்பது இன்னொன்று. வேலை தருகிறவர் உங்களுக்குத்தான் காசு தரணும், நீங்கள் ஏன் தரணும்?

மூன்றாவது, ஆர்டர் கொடுப்பதுபோல் வருவது. "20 பிளவுஸ் வேணும், அட்வான்ஸ் அனுப்புறேன், இந்த கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க" என்பார்கள். பணம் வாங்க ஸ்கேன் பண்ணவும் வேண்டாம், யுபிஐ பின் போடவும் வேண்டாம். பின் கேட்டாலே பணம் உங்களிடமிருந்து போகிறது என்று பொருள். ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள், தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தை நிறுத்திவைப்பது கஷ்டம்.

ஆன்லைனில் ஆர்டர் எடுப்பவர்கள் ஒன்றை மட்டும் முதலிலேயே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். கூரியரில் போன பிளவுஸ் இறுக்கமாக இருக்கிறது என்று திரும்பி வந்தால், பிரித்துத் தைக்கும் கூலி யாருடையது, போகவர கூரியர் செலவு யாருடையது? தைக்கும்போதே ஓரத்தில் ஒரு இன்ச் துணி உள்ளே விட்டுவைத்தால் அந்தப் பிளவுஸை வாடிக்கையாளர் தன் ஊர் டெய்லரிடமே பிரித்துக்கொள்ளலாம். கூரியர் திரும்பி வர வேண்டிய அவசியமே இருக்காது.